பச்சையாக நிற்கும் காட்டைச் சீக்குப் பிடித்தது என்று சொல்லலாமா?

கொடைக்கானலில் பேரிஜம் ஏரிக்குப் போகும் வழியில், சாலையோரம் அடர்ந்து நின்ற மரக்கூட்டத்தைக் காட்டி உங்கள் வழிகாட்டி, "இது சீக்குப் பிடிச்ச காடு சார்" என்று சொல்லியிருக்கிறார். உங்கள் கண்ணுக்கோ அது பச்சைப்பசேலென்று, நிழலும் குளிர்ச்சியுமாக நன்றாகவே இருந்திருக்கிறது. ஊர் திரும்பி நண்பரிடம் சொன்னபோது அவர், "காட்டுக்கு ஏது ஆரோக்கியம், ஏது நோய்? இயற்கை மாறிக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான்" என்றிருக்கிறார். இருவரில் யார் சொல்வது சரி, அந்த மரங்களை வெட்டத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதன் அடியில் இருக்கும் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஒரு காட்டையோ ஏரியையோ ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்லும்போது, அளந்து சரிபார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறோமா, இல்லை நம் விருப்பத்துக்கு அறிவியல் சட்டை போட்டுவிடுகிறோமா?

நான் சூழலியல் படித்தவன். மலைப் புல்வெளிகளிலும் சமவெளி ஏரிகளிலும் கணக்கெடுப்பு வேலையில் பல ஆண்டுகள் கழித்திருக்கிறேன். கடலும் பவளப்பாறையும் என் அனுபவத்துக்கு வெளியே உள்ளவை, அவற்றைத் தொடவில்லை. என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வழிகாட்டி சொன்னதை நியாயப்படுத்த முடியும். ஆனால் எதோடு ஒப்பிட்டு, யாருடைய தேவையை வைத்து என்பதையும் அவர் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியிலிருந்தே தொடங்குவோம்.

மனித உடலைப் பற்றி மருத்துவர் "சரியில்லை" என்று சொல்வதற்கு உறுதியான அடிப்படை இருக்கிறது. இதயத்துக்கு ஒரு வேலை உண்டு. அந்த வேலையைச் செய்த உடல்கள் பிழைத்து, பிள்ளை பெற்று, லட்சக்கணக்கான தலைமுறைகள் தாண்டி வந்திருக்கின்றன. ரத்தச் சர்க்கரை எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டால், எண்ணற்ற மனிதர்களை அளந்து வைத்த கணக்கு கையில் இருக்கிறது. உடலுக்கு எல்லை உண்டு, சாவும் உண்டு. ஒரு ஏரிக்கு இதில் எதுவுமே இந்த அர்த்தத்தில் கிடையாது. ஏரியில் இருக்கும் பாசி, நத்தை, கெண்டை, கொக்கு எல்லாம் அதனதன் பிழைப்பைப் பார்க்கின்றன; ஏரி நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக எதுவும் அங்கே உருவாகவில்லை. ஏரிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, வென்ற ஏரி குட்டி ஏரிகளைப் பெற்றுப் பரிணாமம் அடைவதில்லை. அதன் எல்லை எது? கரையா, மழைநீர் வடிந்துவரும் மொத்த நிலமா, சைபீரியாவிலிருந்து வரும் வாத்துகளின் பாதையும் சேர்த்தா? ஏரி தூர்ந்து சதுப்பாகி, சதுப்பு புல்வெளியானால் செத்தது எது?

சூழலியலுக்குள்ளேயே இந்தச் சண்டை நடந்து முடிந்திருக்கிறது. அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916-ல், ஒரு நிலப்பரப்பின் தாவரக் கூட்டம் முழுவதும் ஒரே உயிரி போலப் பிறந்து, வளர்ந்து, முதிர்ச்சி அடைகிறது என்றார். 1926-ல் ஹென்றி கிளீசன் அதை மறுத்தார்: ஒவ்வொரு இனமும் தனக்கு ஒத்துவரும் இடத்தில் வளர்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் தற்செயல் என்றார். இரண்டுக்கும் நடுவே, உயிர்களையும் மண், நீர், காற்றையும் சேர்த்து ஒரு தொகுதியாகப் பார்க்கும் கருத்தை 1935-ல் ஆர்தர் டான்ஸ்லி முன்வைத்தார். பனியுகம் முடிந்தபோது மரங்கள் எப்படி இடம்பெயர்ந்தன என்பதைப் பழைய மகரந்தத் துகள்களை வைத்துப் பிற்பாடு பார்த்தபோது, அவை கூட்டமாகப் பெட்டி கட்டிக்கொண்டு போகவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில், தனித்தனி வழியில் போயிருந்தன. ஆக, காடு ஒரு பேருயிர் என்ற கருத்து அறிவியலில் நிற்கவில்லை. இதில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். உங்கள் நண்பர் இந்த இடம்வரை சரி.

ஆனால் இங்கிருந்து அவர் போலவே, "அப்படியென்றால் எல்லா நிலையும் ஒன்றுதான்" என்று தாவ முடியாது. ஊர்ப்புறத்து ஏரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் கலந்து தண்ணீர் பச்சைக் குழம்பாக இருக்கும் ஏரி. மதியம் இரண்டு மணிக்கு ஆக்சிஜன் மீட்டரை இறக்கினால் லிட்டருக்கு 12 மில்லிகிராம், சில நாள் அதற்கு மேலும் காட்டும். வெயிலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து தள்ளுகிறது. எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏரிக்கு நற்சான்றிதழ் எழுதிவிடுவார். அதே இடத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு இறக்கினால் ஒன்றுக்கும் கீழே. இரவெல்லாம் பாசியும், அடிச் சேற்றில் அழுகுவதைத் தின்னும் பாக்டீரியாவும் மூச்சு விட்டே ஆக்சிஜனைத் தீர்த்திருக்கும். கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஒரு மேகமூட்டமான வாரம் வந்தால் போதும், கரையெல்லாம் செத்த மீன். காற்றை நேரடியாக உறிஞ்சத் தெரிந்த விரால் தப்பிக்கும், எதையும் தாங்கும் ஜிலேபி ஓரளவு தப்பிக்கும். மற்றவை போய்விடும். மீன்வளத்துக்கும் காட்டுயிர்களுக்கும் உகந்த நீரில் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். காலை பதினொரு மணிக்கு மாதிரி எடுத்தால் இந்த ஏரி அதில் தேர்ச்சி பெற்றுவிடும். அதனால்தான் எந்த ஏரியைப் பற்றிய அறிக்கை கைக்கு வந்தாலும், மாதிரி எடுத்த நேரம் என்ன என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

இந்த ஏரியைச் சீக்குப் பிடித்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. பாசிக்கு இது பொற்காலம் என்று யாராவது வாதிடலாம், உண்மைதான். ஆனால் அந்த நீரை நம்பியிருந்த மீன், நீர்த்தாவரம், பறவை, வலை வீசுகிறவர், மாடு குளிப்பாட்டுகிறவர், கிணற்றுக்கு ஊற்று வேண்டுகிற விவசாயி என ஏறக்குறைய எல்லோருமே ஒரே சமயத்தில் இழக்கிறார்கள். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. ஆழமில்லாத ஏரிகள் பலவற்றுக்கு இரண்டு நிலைகள் உண்டு: அடியில் தாவரம் படர்ந்து நீர் தெளிந்த நிலை, பாசி மண்டி நீர் கலங்கிய நிலை. ஒன்றிலிருந்து மற்றதற்குச் சரிந்தபின், கழிவை நிறுத்தினாலே பழையபடி ஆகிவிடாது. ஆண்டுக்கணக்கில் சேற்றில் சேர்ந்த பாஸ்பரஸ் தொடர்ந்து மேலே வந்து பாசிக்குத் தீனி போடும். சரிய எடுத்த பாதையைவிடத் திரும்பும் பாதை நீளம். இது யாருடைய ரசனையும் அல்ல, பல நாடுகளில் அளந்து பார்த்த விஷயம்.

இதே ஏரி மே மாதத்தில் வற்றி, தரை வெடித்துக் கிடந்தால் அது நோயா? வெளியூர்க்காரர் படம் எடுத்துப் போட்டு வருத்தப்படுவார். மழையை நம்பிய நம் ஏரிகளுக்கு வற்றுவது ஆண்டுச் சுழற்சியின் ஒரு பகுதி. காய்ந்த சேறு காற்றுப் பட்டு அழுகலைத் தீர்த்துக்கொள்கிறது, அடியில் புல் முளைக்கிறது, மாடு மேய்கிறது, அடுத்த மழையில் புதிதாகத் தொடங்குகிறது. சாக்கடை நீரால் ஆண்டு முழுவதும் தளும்பி நிற்கும் ஏரிதான் கவலைக்குரியது. பார்ப்பவருக்கோ அதுதான் அழகாகத் தெரியும். அந்த இடத்தின் வரலாறு தெரியாமல் எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் வழிகாட்டி காட்டிய காட்டுக்கு வருவோம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வாட்டில் மரங்கள். மலையில் சீகை என்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. பழனி மலையிலும் நீலகிரியிலும் ஆனைமலையிலும் உயரமான பகுதிகளின் இயல்பு வேறு. மடிப்புகளிலும் ஓடையோரங்களிலும் குட்டை மரங்கள் நெருங்கி வளர்ந்த சோலை. அதைச் சுற்றிச் சரிவெல்லாம் புல்வெளி. டிசம்பர், ஜனவரி விடியலில் புல்வெளியின் பள்ளங்களில் உறைபனி வெள்ளையாகப் படியும். சோலை மரக் கன்றுகள் பலவற்றால் அந்தக் குளிரைத் தாங்க முடியாது. வெட்டவெளியில் முளைத்தால் கருகிவிடும். புல்லுக்கு மண்ணுக்கடியில் உயிர் இருப்பதால் மீண்டும் தளிர்க்கும். உறைபனியும் தீயும் மேய்ச்சலுமாகச் சேர்ந்து சோலைக்கும் புல்லுக்கும் இடையிலான எல்லைக்கோட்டைக் காத்து வந்திருக்கின்றன.

ஆங்கிலேயர் இந்தப் புல்வெளியைப் பார்த்து, மரமில்லாத மலையைத் தரிசு என்று முடிவு கட்டினார்கள். ஏதோ காலத்தில் மரத்தை வெட்டியோ எரித்தோ மனிதர்கள் உண்டாக்கியது இந்தப் புல் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தது. 1840-களிலேயே ஊட்டியில் யூகலிப்டஸும் வாட்டிலும் வந்துவிட்டன. விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் ரேயான் கூழுக்கும் என்று வனத்துறையே பெரிய அளவில் நட்டது. நட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. மொட்டை மலைக்கு மரம் கொடுத்து அதைக் குணப்படுத்துகிறோம் என்று மனப்பூர்வமாக நம்பினார்கள். ஆரோக்கியம் என்றால் என்ன என்று ஒரு முடிவு அவர்கள் மனதில் இருந்தது. எதோடு ஒப்பிடுகிறோம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பதில் நிலத்துக்கடியிலேயே இருந்தது. நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிய தாவரம் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. வெப்பப் பகுதிப் புற்களும் மரங்களும் கார்பனை வேறு வேறு விகிதத்தில் உடலில் சேர்ப்பதால், அந்தப் படிவைச் சோதித்தால் எந்தக் காலத்தில் எது ஓங்கியிருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். சூழலியலாளர் ராமன் சுகுமாரும் அவருடைய கூட்டாளிகளும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு அப்படி ஏறக்குறைய 20,000 ஆண்டுகளைப் பின்னோக்கிப் படித்தது. குளிர்ந்து வறண்ட காலங்களில் வெப்பப் பகுதிப் புற்கள் ஓங்கியிருந்தன, மழை மிகுந்த காலங்களில் அவை பின்வாங்கின. கோடாலியும் தீக்கொள்ளியும் அங்கே வேலையைத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே புல் இருந்தது. மனிதன் கெடுத்த காட்டின் மிச்சம் அது என்ற கதை அதோடு முடிந்தது.

பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை 1973 முதல் 2014 வரை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று தெரிந்தது. தோட்ட மரங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்திருந்தன. நடுவதை நிறுத்திய பிறகும் வாட்டில் பரவுவதை நிறுத்தவில்லை. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் புல்வெளியில் போட்டு மண்டியிட்டு எண்ணிப் பாருங்கள். ஒன்றோடொன்று பின்னிய புல் வகைகள், நடுவே விரல் உயர ஆர்க்கிட், காசித்தும்பையின் காட்டு உறவுகள், தரையோடு ஒட்டிய சிறுபூக்கள். ஒழுங்காக எண்ணி முடிக்க அரைமணி ஆகிவிடும். அதே சட்டத்தை இருபதடி தள்ளி, அடர்ந்த வாட்டில் நிழலில் போட்டால் உதிர்ந்த சருகும் காய்ந்த நெற்றும் ஒன்றிரண்டு பெரணியும் தெரியும். பென்சிலை எடுப்பதற்குள் வேலை முடிந்துவிடும். புல்லையும் பாறைச் சரிவையும் நம்பி வாழும் வரையாடு, புல்வெளியைத் தவிர வேறெங்கும் கூடு கட்டாத நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை, 2006-லும் 2018-லும் பூத்து அடுத்து 2030-ல் பூக்க வேண்டிய குறிஞ்சி ஆகியவற்றுக்கு அந்த நிழலில் இடமில்லை. 2024-ல் எடுத்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் வரையாடுகள் 1,031-தான்.

நீரையும் சொல்ல வேண்டும். ஊட்டிக்குப் பக்கத்தில் கிளென்மார்கனில் மண்வள ஆராய்ச்சியாளர்கள் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லாக விட்டார்கள், மற்றதில் 1972-ல் பெரும்பகுதியில் யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பக்கத்திலிருந்து வடிந்த நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் தழைத்த இரண்டாம் சுற்றில் இன்னும் குறைந்தது. யூகலிப்டஸ் பற்றிய இந்த எண்ணை அப்படியே வாட்டிலுக்குப் போட்டுவிடக் கூடாது. ஆனால் மரம் வைத்தால் ஓடையில் தண்ணீர் கூடும் என்ற பொது நம்பிக்கை அந்த மலையில் பொய்த்தது என்பது உறுதி.

இவ்வளவையும் வைத்து, அந்த வாட்டில் காடு ஆரோக்கியமற்றது என்று ஒரே வரியில் எழுதலாமா? நான் எழுத மாட்டேன். புல்வெளியாக இருந்த இடம் என்ற வகையில் அது சிதைந்துவிட்டது என்று எழுதுவேன். இந்த வேறுபாட்டை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே லாபம் அடைந்தவர்களும் இருக்கிறார்கள். மேல்மலைக் கிராமங்களில் பல வீடுகளின் அடுப்பு வாட்டில் விறகில் எரிகிறது. தரைக்கு மேல் சேரும் கார்பனை மட்டும் கணக்கிடுபவருக்கு மரக்காடு புல்லைவிடச் சிறந்தது. வரையாட்டின் பக்கம் நின்று பார்த்தால் இழப்பு, விறகுக்காரியின் பக்கம் நின்று பார்த்தால் வரவு. இழப்பையும் வரவையும் எவ்வளவு என்று அறிவியல் அளந்து தரும்; எது பெரிது என்று தீர்ப்பது நாம் எல்லோரும் கூடிச் செய்ய வேண்டிய வேலை. என் தீர்ப்பு எது என்று கேட்டால் மறைக்க மாட்டேன். விறகை வேறிடத்தில் வளர்த்துக் கொடுக்க முடியும். 20,000 ஆண்டுப் புல்வெளியை வேறிடத்தில் வளர்க்க முடியாது. நான் புல்வெளியின் பக்கம்.

இந்தத் தீர்ப்பை ஒரு சூத்திரத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்று முயன்றவர்கள் உண்டு. 1940-களில் அமெரிக்கச் சூழல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்ட், நிலம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் திறனே நிலத்தின் ஆரோக்கியம் என்றார். அழகான கருத்து, இன்னமும் அதில் சாரம் இருக்கிறது. 1992-ல் சூழலியல் பொருளாதார அறிஞர் ராபர்ட் கோஸ்டான்ஸா அதை அளக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்: வளரும் வேகம், உள்ளமைப்பின் செறிவு, அடிபட்டபின் மீளும் திறன் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார். வாட்டில் காட்டில் இதைப் போட்டுப் பாருங்கள். வளரும் வேகத்தில் முழு மதிப்பெண். மீளும் திறனில் அதைவிட அதிகம்! வெட்டினால் வேரிலிருந்து தழைக்கும், எரித்தால் மண்ணில் பல்லாண்டுகளாக உறங்கிக் கிடந்த விதைகள் ஒன்றாக விழித்துக்கொண்டு பாய் விரித்தது போல் முளைக்கும். பாசி மண்டிய ஏரியும் அப்படித்தான், விடாப்பிடியாகத் தன் நிலையிலேயே நிற்கும். மீளும் திறன் என்பது இருக்கும் நிலையின் பிடிவாதம். அந்த நிலை வேண்டுமா வேண்டாமா என்பது அதற்குள் இல்லை. 1993-ல் சூழல் ஆய்வாளர் கிளென் சூட்டர் இந்தக் குறியீடுகளைக் கடுமையாக விமர்சித்தார். வெவ்வேறு அலகுகளில் இருப்பவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக்கினால், அந்த எண் ஏன் இறங்கியது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது என்பது அவர் வாதங்களில் ஒன்று. களத்தில் வேலை செய்தவர்களுக்கு அது உடனே புரியும். பறவை எண்ணிக்கை பாதியாகி, நீரின் தரம் இருமடங்கானால் சராசரி மாறாமல் இருக்கலாம். அறிக்கையும் "மாற்றமில்லை" என்று சொல்லிவிடும்.

ஒப்பிடும் அடையாளத்தை வெளிப்படையாக வைத்துக்கொண்டு அளக்கும் முறைகள்தான் எனக்கு நம்பிக்கை தருபவை. உயிரியலாளர் ஜேம்ஸ் கார் 1981-ல் அமெரிக்க ஓடைகளுக்கு ஒரு முறையைக் கொண்டுவந்தார். அதிகம் சீண்டப்படாத அதே வட்டாரத்து ஓடையில் என்னென்ன மீன்கள் இருக்கின்றன, உங்கள் ஓடையில் அவற்றில் எத்தனை இருக்கின்றன என்று பார்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2000-ல் கொண்டுவந்த நீர்ச் சட்டமும் இதே தர்க்கத்தில் ஆறு, ஏரிகளை ஐந்து தரங்களாகப் பிரிக்கிறது. அதில் குறை இல்லாமல் இல்லை; சீண்டப்படாத ஓடை எங்கே மிச்சமிருக்கிறது என்று தேடுவதே பாதி வேலை. ஆனாலும் எதோடு ஒப்பிடுகிறோம் என்பது காகிதத்தில் இருக்கிறது. அதை ஒருவர் மறுக்கலாம், மாற்றச் சொல்லலாம்.

மனிதன் தொடாத பழைய நிலையே எப்போதும் சரியான ஒப்பீடு என்று நினைப்பவர்களுக்கு ராஜஸ்தானின் பரத்பூர் ஒரு பாடம். கேவலாதேவ் பூங்காவின் பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். அதிலுள்ள சதுப்பு இயற்கையாக உண்டானதே அல்ல. பரத்பூர் அரசர்கள் கரை கட்டி, மதகு வைத்து நீர் தேக்கி, வாத்து வேட்டைக்காக வளர்த்த இடம். 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டதாக அங்கே கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதைத் தேசியப் பூங்காவாக்கியதும் 1982-ல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். காட்டில் மாடு மேயக் கூடாது என்பது ஊரறிந்த நியதி. எதிர்த்த கிராமத்தாரில் சிலர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அதன்பின் எருமை தின்றுகொண்டிருந்த நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பை மூடியது. வாத்துகளுக்கு இறங்க இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பத்தாண்டு ஆய்வு, எருமை அந்தச் சதுப்புக்குத் தேவையாகவே இருந்தது என்ற முடிவுக்கு வந்தது. அங்கே ஆரோக்கியத்தின் ஒரு பகுதியாக எருமையும் எருமைக்காரரும் இருந்தார்கள். தொடாத இயற்கை என்று ஒன்றைக் கற்பனை செய்து அதோடு ஒப்பிட்டதற்கு விலை கொடுத்தவர்கள் அந்தக் கிராமத்தார். இந்த நிகழ்வை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வருத்தமும் வருகின்றன.

இவ்வளவு சிக்கல் இருப்பதால், ஆரோக்கியம் என்ற பேச்சையே விட்டுவிடலாம் என்கிற சக ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. "இயற்கை மாறிக்கொண்டேதான் இருக்கும்" என்ற வாக்கியத்தை உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில் சொல்கிறார். சதுப்பில் மண் கொட்டி மனை போடுகிறவரும் அதையேதான் சொல்கிறார். மாற்றம் உண்டு என்பதால் எந்த மாற்றமும் ஒன்றே என்றாகாது. பனியுகத்துக்குப் பிறகு புல்லும் மரமும் எல்லைக்கோட்டை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நகர்த்தின. புல்லில் வாழ்ந்தவை கூடவே நகர்ந்து பிழைத்தன. நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு போனால், தனித்தனித் துண்டுகளில் சிக்கிய வரையாடு எங்கே நகரும்? வேகம் என்ன, திரும்ப வழி இருக்கிறதா என்ற இரண்டையும் அளக்க முடியும், அளந்தும் இருக்கிறார்கள். அளந்தவற்றை மக்களிடம் கொண்டுபோக ஆரோக்கியம் என்ற பேச்சு உதவுகிறது. கிராம சபையில் கரைந்த ஆக்சிஜன் 0.8 என்று சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஏரிக்குச் சீக்கு என்றால் எப்போதிலிருந்து, எதனால் என்று உடனே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்ல நாம் தயாராக இருந்தால், அப்படிப் பேசுவதில் ஏமாற்று எதுவும் இல்லை.

எது இன்னும் உறுதியாகவில்லை என்பதையும் பிரித்துச் சொல்கிறேன். காட்டுமாடுகள் கொடைக்கானல் ஊருக்குள் வருவதற்குப் புல்வெளி சுருங்கியதே காரணம் என்று மலையில் பலரும் சொல்கிறார்கள். நம்பத்தகுந்த காரணம்தான், ஆனால் ஊருக்குள் கிடைக்கும் தீனி, அவற்றின் எண்ணிக்கை உயர்வு போன்ற மற்ற காரணங்களிலிருந்து அதை இன்னும் யாரும் சரியாகப் பிரித்துக் காட்டவில்லை. புல்வெளிக்குத் தீ எவ்வளவு வேண்டும் என்பதிலும் கருத்து ஒற்றுமை இல்லை. கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவில் கட்டுப்படுத்திய தீயைப் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார்கள். வாட்டில் விதை நிறைந்த மண்ணில் அதே தீ வாட்டிலுக்குத்தான் உதவும். காற்றில் கரியமில வாயு கூடக்கூட மரங்களுக்குச் சாதகம் என்பது பொதுவாகத் தெரிந்தது. உறைபனி நாட்களும் குறைந்தால், நாம் எதுவும் நடாவிட்டாலும் எல்லைக்கோடு புல்லின் பக்கம் நகரக்கூடும். அப்படியானால் எந்த ஆண்டின் புல்வெளியை ஒப்பீடாக வைப்பது? இதற்கு எங்களில் யாரிடமும் ஒத்துக்கொள்ளப்பட்ட பதில் இல்லை.

ஆக, உங்கள் வழிகாட்டியை மறுபடியும் சந்தித்தால், அந்த இடத்தில் முன்பு புல் இருந்ததா, சோலை இருந்ததா என்று கேளுங்கள். மலையில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் சரிவு சரிவாகத் தெரியும். புல் என்றால் அவர் சொன்னது நியாயம்.

வெட்ட வேண்டுமா என்ற கேள்விக்கு இடத்தைப் பொறுத்துத்தான் பதில். முதல் வேலை, இன்னும் பிழைத்திருக்கும் புல்வெளியின் ஓரத்தில் முளைக்கும் வாட்டில் கன்றுகளை முழங்கால் உயரத்துக்குள்ளேயே வேரோடு பிடுங்குவது. மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது கையாலேயே வந்துவிடும்; செலவு குறைவு, பலன் உறுதி. அதை ஒரு முறை செய்துவிட்டு வந்தால் போதாது. விதை மண்ணில் இருக்கும்வரை ஒவ்வொரு ஆண்டும் போக வேண்டும். பெரிய மரங்கள் மண்டிய இடத்தில் ஒட்டுமொத்தமாக வெட்டிவிட்டுத் திரும்பினால், வெயில் பட்டதும் முன்பைவிட அடர்த்தியாக வாட்டிலே முளைக்கும், புல் தானாக வராது. புல் நாற்று வளர்த்து நடும் முயற்சிகள் சிறு பரப்புகளில் நடக்கின்றன. பெரிய பரப்புக்கு அது எடுபடுமா என்று இன்னும் சொல்ல முடியாது. வயதான தோட்டங்கள் சிலவற்றின் நிழலில், சோலையை ஒட்டிய பகுதிகளில், சோலை மரக் கன்றுகள் தாமாகவே எழுந்து வருகின்றன. அங்கே வாட்டிலும், தோட்டமாக நட்ட பைன் மரங்களும் உறைபனியைத் தடுத்து அவற்றுக்குக் குடை பிடிக்கின்றன. அந்த இடங்களில் கோடாலியோடு போவது, வந்துகொண்டிருக்கும் சோலையையும் சேர்த்து அழிப்பதாகும். அவற்றை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. அது பழைய புல்வெளியை மீட்பதல்ல, புல் இருந்த இடத்தில் சோலையை ஏற்றுக்கொள்வது. இதை ஏற்காமல், புல்வெளியே திரும்ப வேண்டும் என்று வாதிடும் நல்ல ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். பேரிஜம் சாலையில் நீங்கள் நின்ற இடம் இதில் எந்த வகை என்று தெரிய, சாலையிலிருந்து பார்த்தால் போதாது. வனத்துறை அனுமதியோடு உள்ளே பத்தடி போய், மரத்தடியில் என்ன முளைத்திருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும்.